தோண்டக் கூடாத வெட்டிவேர்

வெட்டிவேர் என்றதும் எல்லாருக்கும் வாசனைதான் ஞாபகம் வரும். பானைத் தண்ணீரில் போட்டுக் குடித்தது, சாமிக்கு மாலை சாத்தியது, கோடையில் ஜன்னலில் தட்டி கட்டி நனைத்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு மட்டும் அந்த வாசனை இன்றைக்கும் ஆகாது. சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்தில் வெட்டிவேர் மாலையை என் கழுத்தில் போட வந்தார்கள். நான் பின்வாங்கிவிட்டேன். என் மனைவி ஸ்டெல்லா, "இவுருக்கு அது ஆவாது, சந்தன மாலை இருந்தா போடுங்க" என்று சமாளித்தாள். ஏன் ஆகாது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறார்கள். எங்கள் பழைய பிரிவு அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பொறியாளர் வந்திருக்கிறார், சின்னப் பெண். வாய்க்கால் கரைகளில் வெட்டிவேர் நடச் சொல்லி மேலிருந்து வந்திருக்கிறதாம். "கோணவாய்க்கால்ல நீங்கதான சார் மொதல்ல நட்டது? புதுசா வந்தவங்களுக்குப் படிச்சுக் காட்ட நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்று போனில் கேட்டார். நட்ட கதையை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான், தோண்டிய கதையையும் எழுதவேண்டும் என்றேன். "அதை யாரு சார் தோண்டுனது?" என்றார். நல்ல கேள்வி.

நான் லஸ்கராகச் சேர்ந்தவன். மதகு திறப்பது, மூடுவது, தண்ணீர் மட்டம் பார்த்துச் சொல்வது, கரையில் நடப்பது, இவ்வளவுதான் லஸ்கர் வேலை. சேத்தியாத்தோப்புப் பக்கம் சில வருஷம், பிறகு புவனகிரிக்குக் கிழக்கே பல வருஷம். பணி ஆய்வாளர் ஆனபோது சைக்கிள் டி.வி.எஸ். ஆயிற்று, சம்பளம் கொஞ்சம் கூடிற்று, நடை மட்டும் அப்படியேதான் இருந்தது. எங்கே நண்டு வளை, எங்கே எலி வளை, எந்த வீட்டு ஆடு எந்தப் படித்துறையில் ஏறி இறங்கிக் கரையைத் தேய்க்கிறது என்பது வரை எனக்கு அத்துப்படி.

கோணவாய்க்கால் என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். வயல் தண்ணீரை வடித்துக்கொண்டுபோய் வெள்ளாற்றில் விடுகிற வாய்க்கால் அது. ஆற்றில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் முழங்கையை மடக்கினதுபோல் ஒரு வளைவு. அந்த வளைவுக்கு வெளியே, கரையை ஒட்டிப் பள்ளத்தில் தோப்புத்தெரு. வெள்ளாறு நிறைந்து ஓடினால் வாய்க்கால் வடியாது. தண்ணீர் அந்த வளைவில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வருஷமும் கரை அங்கே சரியும். ஒவ்வொரு வருஷமும் மண் கொட்டுவோம். அடுத்த ஐப்பசியில் அது கரைந்து பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போய்ச் சேரும். அரசாங்கச் செலவில் கடலைத் தூர்க்கிறோம் என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம். தெருக்காரர்களுக்கு மட்டும் சிரிப்பு வராது.

அந்த நிலையில்தான் கலியபெருமாள் சார் உதவிப் பொறியாளராக வந்தார். நான் பார்த்த அதிகாரிகளில் ஜீப்பை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றியவர் அவர் ஒருவர்தான். கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளமாட்டார், ஜீப்பிலேயே போட்டுவிடுவார். முள்ளோ, நெரிஞ்சியோ, வெறுங்காலோடு கரை முழுக்க நடப்பார். "ஊறுற எடம் கண்ணுக்குத் தெரியாது அருளப்பன், பாதத்துக்குத்தான் தெரியும்" என்பார். குரலை உயர்த்தமாட்டார். லஸ்கரையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை அப்படியே நிற்பார். நாம் இருமினாலும் தும்மினாலும் நிற்பார். திட்டுகிற அதிகாரியிடம் பொய் சொல்லலாம். இவரிடம் முடியாது.

அவர்தான் வெட்டிவேர் என்று ஆரம்பித்தது. கல் பதித்தால் கல்லோடு சேர்ந்து மண்ணும் சரிகிறது, புல்லைப் போட்டுப் பார்ப்போம் என்றார். கடலூருக்குத் தெற்கே கடலோரத்து மணலில் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள். அங்கே போய்க் கன்றுக்கு விசாரித்தபோது கிடைத்த ஆள் பச்சையம்மா.

பச்சையம்மாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இவள் நாத்தனாரையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வேர் தோண்டப் போகிறவள். நாங்கள் போனபோது மணல் கொல்லையில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். புல் குத்தைச் சுற்றி இடுப்பளவு பள்ளம் பறித்து, ஒருத்தி மண்வெட்டியால் கிளப்ப, இன்னொருத்தி குத்தின் தலையைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுக்கிறாள். வேர் நடுவில் அறுந்தால் போச்சு. அறாமல் முழுசாக வந்தால், இழுத்தவள் "வந்துடுச்சூ!" என்று ஒரு சத்தம் போடுவாள். மற்றவர்களும் திருப்பிப் போடுவார்கள். கொல்லைக்குக் கொல்லை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். யார் எத்தனை முறை கத்தினாள் என்பதில் அவர்களுக்குள் போட்டி வேறு.

எங்கள் வேலையைச் சொன்னதும் பச்சையம்மா சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். காரணம் இருந்தது. அவள் மகள் சுகன்யாவைக் கட்டிக்கொடுத்திருந்ததே தோப்புத்தெருவில்தான். "பொண்ணு வூட்டுலயே தங்கிக்குறோம் சார், வேலையும் ஆச்சு, அவளப் பாத்தமாதிரியும் ஆச்சு" என்றாள். கன்றுக்கு விலை போட எங்கள் கணக்கில் வழி இல்லை, நடவுக்குக் கூலிதான் கொடுக்கமுடியும் என்று கலியபெருமாள் சார் தயங்கினார். "கன்னுக்குப் போயி காசா? வுடுங்க சார்" என்றாள். பெரிய மனசு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மாசி மாதம் வாய்க்காலில் தண்ணீர் கீழே போனதும் நட்டோம். எப்படி நட்டோம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் தேவை. குத்தைப் பிரித்து இரண்டு மூன்று தூராக எடுக்கவேண்டும். தழையை ஒரு சாண் விட்டு நறுக்கவேண்டும். வேரை விரல் நீளத்துக்கு நறுக்கிச் சாணிக் கரைசலில் முக்கி நிழலில் வைக்கவேண்டும். சரிவில் மேலிருந்து கீழாக நடக்கூடாது. குறுக்கே, மட்டத்துக்கு, வரிசையாக நடவேண்டும். முதல் வரிசை தண்ணீர் தொடுகிற இடத்தில். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நடுவில் உள்ளங்கை அகலம்தான் இடைவெளி. அவை வளர்ந்து தோளோடு தோள் உரசி நின்றால்தான் மண் தாண்டாது. ஒரு கன்று செத்தாலும் அந்தச் சந்துவழியாகத்தான் தண்ணீர் அரிக்கும், ஆகையால் செத்ததை உடனே மாற்றவேண்டும்.

முதல் கோடையைத் தாண்டவைப்பதுதான் பாடு. குடத்தில் மொண்டு ஊற்றினோம். ஆட்டை விரட்டினோம், ஆட்டுக்காரர்களிடம் வசவு வாங்கினோம். வேர் பிடித்துவிட்டால் அதற்கப்புறம் அந்தப் புல்லை ஒன்றும் செய்யமுடியாது. வெயிலும் ஒன்றுதான், முழுகத் தண்ணீர் நின்றாலும் ஒன்றுதான். வருஷத்தில் இரண்டு முறை முழங்கால் உயரத்துக்குத் தழையை அறுத்துவிட்டால் தூர் கட்டிக்கொண்டே போகும்.

கலியபெருமாள் சார் வரும்போதெல்லாம் ஒரு பரீட்சை வைப்பார். ஏதாவது ஒரு குத்தைக் காட்டி, "இழுங்க" என்பார். முதல் மாதம் கையோடு வந்தது. ஆடியில் இழுத்தபோது தழைதான் கையைக் கிழித்தது. அந்த ஐப்பசி மழையில், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அந்த வளைவில் ஒரு கூடை மண்ணும் சரியவில்லை. சாருக்கு டீ வாங்கிக்கொடுத்தேன். அவர் பாராட்டினது, "டீ நல்லா இருக்கு" என்று டீயைத்தான்.

அடுத்த வருஷம் ஆவணிக் கடைசி. வழக்கம்போல் டி.வி.எஸ்.ஸில் கரைமேல் வந்துகொண்டிருந்தேன். வளைவுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே வாசனை அடித்தது. ஈர மண்ணோடு புது வெட்டிவேர் வாசனை, அப்படியே கும்மென்று. ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: வேர் மண்ணுக்குள் இருந்தால் வாசனை வெளியே வராதே!

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். "வந்துடுச்சூ!" என்று சத்தம் கேட்டது.

பச்சையம்மாவும் அவள் கூட்டமும் தண்ணீர்ப் பக்கச் சரிவில் இறங்கித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வளைவின் நடுப்பகுதி முழுக்கக் குழி. வேரெல்லாம் மண் உதறிக் குவியலாகக் கிடந்தது. வேரை நறுக்கியபின் மிஞ்சிய புல் தலைகளை, அடுத்த நடவுக்கு ஆகும் என்று, கவனமாக நிழலில் அடுக்கி ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். எல்லாம் முறைப்படி!

என்னைப் பார்த்ததும் பச்சையம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க சார்! களிமண்ணுல இம்மாம் வேரு எறங்கும்னு நா நெனக்கவேல்ல" என்றாள்.

"யாரக் கேட்டு கை வச்ச?" என்று கத்தினேன். நான் பொதுவாகக் கத்துகிறவன் இல்லை. அன்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "யாரக் கேக்கணும்? கன்னு என்னுது சார். கன்னுக்கு நா ஒரு பைசா வாங்கல. எங்க ஊர்ல கன்னு குடுத்தவதான் வேரு எடுப்பா. நெலத்துக்காரனுக்குப் பாதி, எனக்குப் பாதி. ஒங்க பாதிய நா என்னா எடுத்துகினா ஓடப்போறன்? இதோ ரெண்டா பிரிச்சுத்தான் போட்டிருக்குது, பாருங்க!"

பார்த்தேன். இரண்டு குவியல். அரசாங்கத்தின் பாதி கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

அவர்கள் ஊர் வழக்கமே அதுதான். சொந்த நிலம் இல்லாதவர்கள் தங்கள் கன்றைக் கொண்டுபோய் இன்னொருவர் கொல்லையில் நடுவார்கள். வருஷம் திரும்பியபின், மழைக்கு முன்னால் வந்து தோண்டிப் பாதி பிரித்துக்கொள்வார்கள். அந்த மணல்காட்டில் கரையும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. வெட்டிவேர் நடுவது தோண்டுவதற்கு என்பதைத் தவிர வேறு காரணம் அவர்கள் பரம்பரையிலேயே இருந்ததில்லை. மகள் பிரசவம் முடிந்து, ஐந்தாம் மாதம் பிள்ளையோடு கொண்டுவந்து விட வந்தவள், வந்ததோடு வேரையும் எடுத்துவிடலாம் என்று ஆட்களைக் கூட்டிவந்திருக்கிறாள். தெருக்காரர்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால், "நட்டவங்களேதான வந்து புடுங்குறாங்க, கவருமெண்டே எடுக்குதுன்னு நெனச்சோம்" என்றார்கள்.

போன் பண்ணினேன். கலியபெருமாள் சார் ஜீப்பில் வந்தார், செருப்பைக் கழற்றிப் போட்டார், நேராக இறங்கிக் குழிக்குள் நின்றார். இடுப்புவரை மறைந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. போலீஸுக்குச் சொல்லவேண்டும் என்று இளவட்டங்கள் குதித்தார்கள். சார் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

மேலே ஏறிவந்து, "வாங்க பச்சையம்மா" என்று அவளைக் கரையின் உச்சிக்குக் கூட்டிப்போனார். "ஒங்க பொண்ணு வூடு எது?"

அவள் தெருப் பக்கம் கை காட்டினாள். ஓட்டு வீடு. அதன் கூரை முகடு, நாங்கள் நின்ற இடத்துக்கு முழங்கால் மட்டத்தில் இருந்தது. தாழ்வாரத்தில் புடவைத் தூளி தொங்கிக்கொண்டிருந்தது.

"போன மழையில தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, வளைவையொட்டி நின்ற மதகுத் தூணில் இருந்த கறையைக் காட்டினார். அவள் தோண்டிய குழிகளுக்கெல்லாம் மேலே இருந்தது அந்தக் கறை. கேட்டுவிட்டு, அவர் வழக்கப்படி நின்றார்.

பச்சையம்மா கறையைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். திரும்பித் தூளியைப் பார்த்தாள். அந்தக் கறைக்குக் கீழேதான் தொங்கியது தூளி. கரை என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. நாத்தனாரைப் பார்த்து, "மண்ணத் தள்ளுங்கடீ" என்றாள். சொல்லிக்கொண்டே காலாலேயே குழிக்குள் மண்ணைத் தள்ள ஆரம்பித்துவிட்டாள்.

"அது நிக்காது பச்சையம்மா" என்றார் சார். "வாங்க, எப்பிடின்னு சொல்றேன்." பிறகு எங்களைப் பார்த்து, "போலீஸ் வேணாம். கன்ன ஓசியில வாங்குனமே, என்னா கணக்குல குடுக்குறாங்கன்னு நாம கேட்டமா?" என்றார். மேலிடத்தில் அவர் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத் தெரியும். எங்களிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தோண்டிய கரையை மூடுவது, குழியை மூடுவது மாதிரி இல்லை. கிளறிய மண்ணை அப்படியே தள்ளினால் அது பழைய மண்ணோடு ஒட்டாது. முதல் வெள்ளத்தில் போர்வையை உருவினதுபோல் வழுக்கிப்போகும். ஆகவே மிச்சமிருந்த சரிவைப் படிப்படியாக வெட்டினோம். பக்கத்து ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்தோம். ஒரு சாண் கனம் போடுவது, தண்ணீர் தெளிப்பது, திமிசுக் கட்டையால் இடிப்பது, கால் பதியாமல் இறுகியபின் அடுத்த சாண். அடியில் சவுக்குக் கழிகளை நெருக்கமாக அடித்து, அதையொட்டி மணல் மூட்டை அடுக்கினோம். அதற்குமேல், ஈரச்சாக்கில் இருந்த அதே தலைகளை இரண்டு பங்கு நெருக்கமாக நட்டோம். இடித்ததெல்லாம் பச்சையம்மா கூட்டம்தான். தெருக்காரர்கள் முதல் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களும் கட்டையைத் தூக்கினார்கள்.

முடிக்கும்போது புரட்டாசி பாதி போய்விட்டது. வேர் பிடிக்க நேரமில்லை. எனக்கு நம்பிக்கையும் இல்லை. பயமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

ஐப்பசியில் புயல் சின்னம் என்றார்கள். மழை விடவேயில்லை. வெள்ளாறு நிறைந்தது, வாய்க்கால் வடிவது நின்றது, தண்ணீர் வளைவில் ஏறத் தொடங்கியது. பிள்ளைக்காரிகளையும் வயசானவர்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். சுகன்யாவும் பிள்ளையோடு போனாள். அன்று பச்சையம்மா ஊரிலிருந்து வந்து இறங்கினாள்; மகளைப் பஸ் ஏற்றித் தன் ஊருக்கு அழைத்துப்போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தொப்பலாக நனைந்து வந்தவள், மகளைப் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டு நேராகக் கரைக்கு வந்துவிட்டாள்.

"நீ எதுக்கு இங்க? போம்மா" என்றேன். எனக்கு அவள்மேல் கோபம் தீர்ந்திருக்கவில்லை.

"நா தோண்டுன எடம் சார். அது பூடுச்சுன்னா, போறத நா பாக்கணும்" என்றாள்.

மறுநாள் விடிந்தபோது தண்ணீர் மதகுத் தூணின் கறையைத் தொட்டிருந்தது. வீட்டுப் பக்கம் கரையடியில், சுகன்யா வீட்டுக் கொல்லையில், ஒரு இடத்தில் தண்ணீர் கொப்புளித்தது. ஊற்று வருவது ஆபத்தா என்று கேட்டால், அதன் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும் கசிகிறது, விட்டுவிடலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது. ராத்திரியெல்லாம் எங்களோடு கரையிலேயே நின்ற சார் இதைச் சொன்னதும் பச்சையம்மா மகள் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து ஊற்றருகே குந்திவிட்டாள். மொள்வாள், வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்ப்பாள், கொட்டுவாள்.

"தெளிவு சார்." கொஞ்ச நேரம் கழித்து, "தெளிவுதான் சார்." அப்புறம் ஒரு டம்ளரைக் கொட்டாமல் இரண்டு முறை சாய்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். "கலங்குது சார்."

அடைக்கக்கூடாது. அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி மூட்டையால் கிணறுபோல் வளையம் கட்டவேண்டும். அதற்குள் தண்ணீர் உயர உயர, அதன் பாரம் எதிர்ப் பக்கத் தள்ளலை ஈடுகட்டும். தோப்புத்தெரு ஆம்பிளைகள் மூட்டையைத் தோளில் சுமந்து ஓடிவந்தார்கள். போலீஸைக் கூப்பிடச் சொன்ன பையன்கள்தான் முன்னால் ஓடினார்கள். வளையம் இடுப்பு உயரம் வந்தது. பச்சையம்மா டம்ளரோடு அதற்குள் குனிந்தாள். நிமிர்ந்து, டம்ளரை என்னிடம் நீட்டினாள். அடிப்பக்கம் தெரிந்தது. தெளிவு.

அன்று சாயங்காலம் வெள்ளாறு இறங்கத் தொடங்கியது. வளைவில் தண்ணீர் விரல் விரலாகக் கீழே போனது.

வெட்டிவேர் தெருவைக் காப்பாற்றியது என்று பிற்பாடு ஊரில் ஒரு பேச்சு. அது சரியில்லை, எழுதிவிடுகிறேன். தோண்டிய இடத்தைக் காப்பாற்றியது களிமண்ணும் சவுக்கும் மூட்டையும் மனுஷர்களும். அங்கே புல் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. ஆனால் அதற்கு இருபுறமும், தோண்டாமல் விட்ட இடத்தில், பழைய புல் நின்றது. அங்கே யாரும் ஒரு மூட்டைகூடப் போடவில்லை. அங்கேயும் சேர்த்துப் போடவேண்டி வந்திருந்தால் எங்களிடம் மூட்டையும் இல்லை, ஆளும் இல்லை.

மழை முடிந்ததும் சார் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். அறுக்கிற தழையும், பிரிக்கிற பக்கக் கன்றும் பச்சையம்மாவுக்கு, வேர் கரைக்கு. அவளும் ஒத்துக்கொண்டாள். புதுப் பொறியாளருக்கு நான் சொல்வதும் இதுதான்: கன்று யாருடையது, எதற்குக் கொடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள், பிறகு நடுங்கள். மற்றதைப் புல் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த ஆடியில் சாருக்கு மாற்றல் வந்தது. போவதற்குமுன் கடைசியாக ஒருமுறை கரையில் நடந்தார். பச்சையம்மா தழை அறுத்துக்கொண்டிருந்தாள். சுகன்யா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைமேல் நின்றாள். சார் தோண்டிய இடத்துக்கு நேரே வந்ததும் நின்று, ஒரு குத்தைக் காட்டி, "இழுங்க பச்சையம்மா" என்றார்.

அவள் அரிவாளை வைத்துவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டாள். இரண்டு கையாலும் குத்தின் தலையைப் பிடித்தாள். காலைச் சரிவில் உதைத்து, தொழில் தெரிந்தவள் இழுக்கிற மாதிரி, ஆட்டி ஆட்டி இழுத்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. கைநழுவிப் பொத்தென்று பின்னால் உட்கார்ந்தாள். புல் அப்படியே நின்றது.

"வரலேஏ!" என்று கத்தினாள். மணல் கொல்லையில், வேர் முழுசாக வந்தால் போடுவார்களே, அதே சத்தத்தில். சரிவெங்கும் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எல்லாருமாகத் திருப்பிக் கத்தினார்கள்.